பனந்தோப்பு கேட்

உத்தரவு செவ்வாய்க்கிழமை வந்தது. பனந்தோப்பு ரயில்வே கேட்டுக்கு விருத்தாசலத்தைக் கேட்மேனாகப் போட்டிருந்தார்கள். சம்பளத்தில் மாற்றமில்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் உண்டு. ஓர் அறை, சமையல்கட்டு, காங்கிரீட் கூரை, வாசலிலேயே கைபம்பு. வியாழக்கிழமை விழுப்புரம் ஆபீசுக்குப் போய்ச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.

காகிதத்தைக் கொண்டுவந்தவர் மேஸ்திரி தேவசகாயம். திண்டிவனத்துக்கு வடக்கே லைன் வேலை பார்க்கும் பன்னிரண்டு பேருக்கு அவர்தான் தலை.

"டேய் அரைக்கூரை, ஒனக்கு முழுக்கூரை வந்துட்ச்சிடா. ரெண்டு வருசமா சாருகிட்ட சொல்லிக்கினே கெடந்தேன். இனிமே வெயில்ல நடக்க வேணாம். குந்திக்கினே சம்பளம்."

விருத்தாசலம் காகிதத்தை இரண்டு முறை படித்தான்.

"வேணாங்க" என்றான்.

மேஸ்திரி சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவன் வேடிக்கையாகப் பேசுகிறவன் இல்லை என்பது பதினொரு வருஷமாகக் கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் சிரித்தார்கள். அந்தக் கேட்டுக்கு நாலு பேர் நடையாய் நடந்துகொண்டிருந்தார்கள்.

அரைக்கூரை என்பது அவர்கள் வைத்த பெயர். போன கோடையில் அவன் தன் வீட்டுக்குக் கூரை மாற்ற ஆரம்பித்தான். கிழக்குப் பக்கம் முழுவதும் புது ஓலை வேய்ந்தான். ஓலை விளிம்புகளை ஒரு விரல் அளவு மாறாமல் அடுக்கி அவன் வேய்ந்ததைப் பார்க்கப் பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வந்தார்கள். நாலாம் நாள் கீழே இறங்கினான். திரும்ப ஏறவில்லை. மேற்குப் பக்கம் பழைய ஓலையோடு அப்படியே கிடந்தது. மழையில் அந்தப் பக்கம் ஒழுகியது. கோவிந்தம்மாள் அவனைத் திட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் பாத்திரங்களைக் கிழக்குப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அவனுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தனுக்கு எதுவும் மாறக் கூடாது. காலையில் கேப்பைக் கூழ், அதே தூக்குச்சட்டி, அதே மரத்தடி. மாறினால் அன்று முழுவதும் நெஞ்சுக்குள் ஏதோ தவறிப்போனது போல இருக்கும். இன்னொருத்தனுக்கு எதுவும் நிற்கக் கூடாது. கொஞ்ச நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் கால் ஆடும், கை எதையாவது பிரித்துப் பார்க்கும், மனசு எங்கேயோ இறங்கிப் போய்விடும். சின்ன வயதில் அம்மா அவனை அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டிப்போனாள். பூசாரி தலையில் எலுமிச்சம்பழம் வைத்து அழுத்தினார். கூட்டத்தின் சத்தம் பொறுக்காமல் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். பேய் போய்விட்டது என்றார்கள். பேய் போகவில்லை. பேயே இல்லை. அவன்தான் இருந்தான்.

அந்த இரண்டு பேரும் ஒத்துப்போனது லைனில் மட்டும்தான்.

அவன் கீமேன். தண்டவாளத்தைக் கீழே இருக்கும் கட்டையோடு இறுக்கிப் பிடிப்பது ஓர் இரும்பு ஆப்பு. வண்டிகள் போகப் போக அது தளரும். தினமும் காலையில் சுத்தியலும் சிவப்புக் கொடியுமாகப் புறப்பட்டு, ஒலக்கூர்ப் பக்கமாக ஒரு லைனில் போய் மறு லைனில் திரும்ப வேண்டும். தளர்ந்த ஆப்பை அடித்து இறுக்க வேண்டும். பாதை ஒன்றே. மாறாது. ஆனால் எந்த ஆப்பு எந்த நாளில் தளரும் என்று யாருக்கும் தெரியாது. இறுகிய ஆப்பு சுத்தியல் பட்டால் கிண்ணென்று பேசும். தளர்ந்தது தொண்டை கட்டினது போலப் பேசும். கால் நடந்துகொண்டே இருக்கும். காது வேலை செய்துகொண்டே இருக்கும். மனசு இறங்கிப் போக இடமே இருக்காது.

மத்தியானத்துக்கு மேல் மேஸ்திரியின் கேங்கோடு சேர வேண்டும். அதுதான் கஷ்டம். கட்டையைத் தூக்கும்போது ஒருத்தன் கூவுவான், பத்துப் பேர் பதில் கூவுவார்கள். அவன் காதைப் பொத்துவான். "பொண்ணுக்குப் பூ காது" என்பார்கள். மேஸ்திரிக்கு அவன் மேல் இரக்கம் உண்டு. அந்த இரக்கத்தில்தான் கேட்டை வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கேட்டைப் பற்றி விருத்தாசலத்துக்குத் தெரிந்த ஒன்று மேஸ்திரிக்குத் தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்பு அங்கே இருந்த கேட்மேனின் தாய் செத்துப்போனபோது இரண்டு நாள் இவனை உட்காரவைத்தார்கள். இரண்டாம் நாள் கேட் திறந்து கிடக்கும்போதே வண்டி போனது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. யாரும் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. அவனை யாரும் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து அவன் பனந்தோப்பைக் கடக்கும்போது கேட் பக்கம் பார்க்காமல் நடந்தான்.

கோவிந்தம்மாள் அன்று சாயந்திரம் தெருவுக்கே சொல்லிவிட்டாள். கொடியில் கிடந்த துணியை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்திருந்தாள்.

"நான் போவலம்மே" என்றான்.

"எங்க?"

"கேட்டுக்கு."

அவள் திரும்பினாள். "இன்னாய்யா பேசற நீ? கூரை பாத்தியா? புள்ளைங்க ரெண்டும் தலமாட்டுல சட்டி வெச்சிக்கினு தூங்குதுங்க. சர்க்காரு கூப்புட்டு ஊடு குடுக்கறான். ஒனக்கு இன்னா கேடு?"

"குந்தினா எனக்குப் புத்தி நிக்காது."

"நிக்காட்டி கட்டிப் போடு. ஊர்ல ஒலகத்துல எல்லாம் குந்தலியா?"

"நேத்து பாலு பாத்துக்கன்னு சொன்ன. நான் அடுப்பாண்டதான் குந்தியிருந்தேன். இன்னா ஆச்சி?"

"பொங்கி ஊத்திச்சி."

"நான் எங்க இருந்தேன்?"

"அங்கியேதான் இருந்த. அடுப்புக் கல்ல பாத்துக்கினு. தடிமாடு மாதிரி."

"பாலு போனா பாலுதான். கேட்டுல?"

அவள் கையிலிருந்த துணியை உதறி மடித்தாள். பிறகு, "அது பாலுய்யா" என்றாள். "இது வேல. வேலன்னா பயம் வரும். பயம் வந்தா தானா புத்தி நிக்கும்."

அவன் நாலு வருஷத்துக்கு முன்பு பயந்துதான் உட்கார்ந்திருந்தான். அதை அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை.

புதன்கிழமை கேங்கில் நல்லபடியாகப் பேசினார்கள். பிறகு கெட்டபடியாகப் பேசினார்கள். கேட்டுக்கு ஆசைப்பட்டிருந்த பூமாலை, "நாங்க கேட்டா கெடைக்கல. இவனுக்குக் குடுத்தா வேணான்றான். கொழுப்புடா" என்றான். மேஸ்திரி அவனைத் தனியே கூப்பிட்டார்.

"த பாரு விருத்தா. நான் சாருகிட்ட வாய வுட்டு வாங்கினது. நீ மறுத்தா எனக்கு மூஞ்சி இல்ல. இன்னா காரணம் சொல்லப் போற?"

"குந்த முடியாதுன்னு."

"அப்டி சொன்னின்னா உன்ன டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. பைத்தியம்னு முத்திர குத்திட்டா லைனும் போவும். சுத்தியலும் போவும். யோசன பண்ணு."

அவன் யோசித்தான். அன்று முழுவதும் அதைத்தான் யோசித்தான். கேட்டுக்குச் சரி என்றால் வீடு வரும், என்றைக்காவது ஒருநாள் ஒருத்தர் சாவார். முடியாது என்றால் லைன் போகலாம். லைன் போனால் தானும் போய்விடுவோம் என்று அவனுக்குத் தெரியும். மூன்றாவது வழி ஒன்று இருக்க வேண்டும். கேட்டுக்கு ஆகாதவன், லைனுக்கு ஆகிறவன் என்று ஒருத்தன் இருக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

வியாழக்கிழமை கோவிந்தம்மாளும் கூடப் புறப்பட்டாள். தனியாக விட்டால் காகிதத்தை எங்காவது வைத்துவிட்டு வருவான். அவள் அதை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். பொங்கலுக்கு எடுத்த டெரிலின் சட்டையைப் போடச் சொன்னாள். போட்டான். வண்டி மயிலம் தாண்டுவதற்குள் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"ஐயோ, ஆபீசரு முன்னால இப்டியா போயி நிப்ப?"

"தையல் குத்துது."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கினா இன்னா? அவரு இன்னா நெனப்பாரு?"

"அவருக்கா குத்துது?"

எதிர் சீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோவிந்தம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேஸ்திரி சொன்ன சார், லைன் இன்ஸ்பெக்டர் சீனுவாசன். நல்ல மனிதர் என்று பெயர். வாரம் ஒருமுறை டிராலியில் லைனைப் பார்க்க வருவார். மேஜை மேல் காகிதக் கட்டுகள். தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக்கென்றது. மூலையில் குமாஸ்தா டைப் அடித்துக்கொண்டிருந்தார். விருத்தாசலம் மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி நின்றான். விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. கோவிந்தம்மாள் கதவை ஒட்டி நின்றாள்.

"சட்டை என்னய்யா, திருப்பிப் போட்டிருக்கே?"

"தையல் குத்துதுங்க."

"சரி. கையெழுத்துப் போடு."

"கேட்டு வேணாங்க."

டைப் சத்தம் நின்றது. சீனுவாசன் பேனாவை மூடினார்.

"ஏன்?"

"குந்த முடியாதுங்க."

"மூலமா?"

குமாஸ்தா சிரித்தார்.

"இல்லீங்க. குந்தினா மனசு நிக்காது. நடந்தா நிக்கும்."

"மனசு நிக்கலன்னா மெட்ராசுக்கு மெடிக்கல் அனுப்பணும். அங்க அன்ஃபிட்டுன்னு எழுதினா லைன்லயும் நீ இருக்க முடியாது. மேஸ்திரி சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"அப்புறம்? பைத்தியம்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதாதீங்க. எனக்குப் பைத்தியம் இல்ல. கேட்டுக்கு ஆவ மாட்டேன். லைனுக்கு ஆவேன். அத எழுதுங்க."

சீனுவாசன் மேஜையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார். "இதுல ரெண்டே கட்டம்தான்யா இருக்கு. ஃபிட். அன்ஃபிட். நீ சொல்றதை எங்க எழுதறது?"

விருத்தாசலம் குனிந்து படிவத்தைப் பார்த்தான். உண்மையிலேயே இரண்டு கட்டம்தான் இருந்தது.

"ஃபாரம் தப்புங்க" என்றான்.

குமாஸ்தா இந்த முறை சிரிக்கவில்லை. கதவருகே கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பதினெட்டு வருஷமா இந்த ஃபாரம்தான் போயிட்டிருக்கு. உனக்காக மாத்தணுமா?" சீனுவாசனின் குரல் ஏறியிருந்தது. "கேட்டுக்கு ஆக மாட்டேன்னு உனக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்து பார்த்தியா?"

அவன் விரல்கள் நின்றன.

நாலு வருஷத்தில் இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கேட்காத வரைக்கும் அவன் சொல்லவில்லை. கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க அவனுக்கு வராது. அது நல்ல குணம் என்று அவன் நினைத்ததில்லை. தும்மல் போல அது. வந்தால் வரும்.

"பாத்தேங்க" என்றான்.

பிறகு ஒரே குரலில் சொன்னான். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. கேட்டை மூடுகிறேன் என்று சொல்லி அதற்கு அத்தாட்சி நம்பரும் வாங்கிக்கொண்டான். மூடுவதற்கு வெளியே வந்தான். கேட்டின் பூட்டுச் சங்கிலியில் ஒரு வளையம் மற்றதைவிட அகலமாக இருந்தது. ஏன் ஒன்று மட்டும் அகலம் என்று பார்த்தான். எண்ணினான். முப்பத்திரண்டு வளையம். அகலமானது பத்தொன்பதாவது. வேறு எங்கிருந்தோ அறுத்து இதில் கோத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தபோது சந்தோஷமாக இருந்தது. நிமிர்ந்தபோது இன்ஜின் அவனுக்கு எட்டடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கேட் திறந்து கிடந்தது. எதிர்ப் பக்கம் ஒரு பெண் ஆடுகளை மறித்துக்கொண்டு நின்றாள். ஊதலைக் கேட்டுத் தானாக நின்றிருக்கிறாள். வண்டி போனதும், "இன்னாய்யா, கேட்டு மூடலியா?" என்று கேட்டுவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

"ஏழு ஆடுங்க" என்றான் விருத்தாசலம். "ஒரு பொம்பள."

மின்விசிறி டக், டக் என்றது.

"யாருகிட்ட சொன்னே இதை?"

"யாரும் கேக்கலீங்க."

"பொண்டாட்டிகிட்ட?"

"அவளும் கேக்கல."

சீனுவாசன் கதவைப் பார்த்தார். கோவிந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு உன் வேலையவே எடுக்கலாம். தெரியுதா?"

"எடுங்க. கேட்ல போடாதீங்க."

"நீ நடக்கற பீட்ல டிராலி ஆடாம போகும்யா. எனக்கே தெரியும். பத்து வருஷமா ஒரு ஆப்பு லூசா பார்த்ததில்லை. அந்த ஆளும் இந்த ஆளும் ஒரே ஆளுன்னா எப்படி நம்பறது?"

"ஒரே ஆளுதாங்க. அங்க நடக்கறேன். இங்க குந்தினேன்."

"மனசை ஒருமுகமா வெச்சா எங்கயும் வேலை செய்யலாம்யா."

"வெச்சுப் பாத்தேங்க. அன்னிக்கும் வெச்சேன். அது சங்கிலிக்குப் போய்ட்ச்சி." அவன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். "ஒரு வருசமா அரைக்கூரைன்னு சொல்றாங்க. சொல்லட்டும். அது என் கூரை. கேட்டு என் கேட்டு இல்லீங்க. அதுல ஊரு போவுது. எனக்கு எது வரும் எது வராதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. மேஸ்திரிக்கும் தெரியாது. தெரிஞ்சவன் சொன்னா கேக்கணும்."

இன்ஸ்பெக்டரிடம் ஒரு கீமேன் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. குமாஸ்தா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

சீனுவாசன் படிவத்தின் இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டார். பிறகு அதை ஓரமாகத் தள்ளினார். ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"உட்கார்ந்து எழுது. கேட்டைத் திறந்து போட்டது தப்புன்னு. உத்தரவை மறுத்தது தப்புன்னு. ரெண்டுக்கும் மன்னிப்பு."

விருத்தாசலம் உட்காரவில்லை. நின்றபடி மேஜையில் குனிந்து எழுதினான். ஐந்தாம் வகுப்பு வரை படித்த கை. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில் இருந்தன. நேரமானது. தாளைத் திருப்பி வைத்தான்.

சீனுவாசன் படித்தார். "ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணுதாங்க தப்பு."

"ரெண்டாவது?"

"அதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்."

சீனுவாசன் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் அவர் சட்டைப் பையில் இருந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் தாளை ஒரு கட்டுக்குள் செருகினார்.

"கேட்டுக்கு வேற ஆளைப் போடறேன். பழைய தப்புக்கு மெமோ வரும். தண்டனையும் வரும். அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் லைன்ல கிட. எனக்கு மேல இருக்கறவங்க கேட்டா நான் இதைக் காட்டத்தான் வேணும். அப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது."

"கேட்டா இதேதாங்க சொல்லுவேன்."

"தெரியும். போ."

பிளாட்பாரத்தில் வண்டிக்கு நேரம் இருந்தது. கோவிந்தம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் பெஞ்சுக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தான். அவள் அழவில்லை.  நாலாவது தடவை அவன் திரும்பியபோது கேட்டாள்.

"அந்த ஆட்டுக்காரி யாரு?"

"தெரியாது."

"எந்தூரு?"

"கேக்கல."

"நாலு வருசம்யா. ஒரே பாயில படுத்துக்கினு."

அவன் நின்றான். திரும்ப நடந்தான். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் குவார்ட்டர்ஸின் வாசலிலிருந்து லைன் எத்தனை தூரம் என்று அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கைபம்பை அடித்துக்கூடப் பார்த்தாள். பத்தடி. பிள்ளைகள் விளையாட நல்ல இடம் என்று அன்றைக்குத் தோன்றியது.

"கொஞ்சம் நில்லேன்யா. தல சுத்துது."

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

அவள் திரும்பிக்கொண்டாள்.

பாசஞ்சரில் கூட்டம். அவன் வழக்கம்போலக் கதவருகே நின்றுகொண்டான். மயிலத்தில் சின்னபொண்ணு கொய்யாக் கூடையோடு ஏறினாள். அதே தெருக்காரி. பூமாலையின் பெண்சாதி. கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்டாள்.

"இன்னாடி, கையெழுத்து ஆச்சா? எப்ப குடி போற?"

"போவல."

"ஏன்? குடுக்கலியா?"

"குடுத்தாங்க. நாங்கதான் வேணாம்னுட்டோம்."

சின்னபொண்ணு கதவருகே நின்ற திருப்பிப் போட்ட சட்டையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் எல்லாருக்கும் கேட்டது.

"அந்தாளு லூசு. வேணாம்பான். ஒனக்குமாடி புத்தி இல்ல? கால்ல வுழுந்தாச்சும் வாங்கிக்கினு வர்றதில்ல? காங்கிரீட்டு ஊடுடி."

கோவிந்தம்மாள் எழுந்து நின்றாள். அவளுக்கு அந்த வீடு வேண்டும். இப்போதும் வேண்டும். 

"யார லூசுன்ற?" என்றாள். "ஒம் புருசன் கேட்டுக்கு ஆவேன்னு நாலு பேருகிட்ட சொல்லிக்கினு திரியறான். ஆவாதுன்னா ஆவாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்டி. ஆபீசரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வர்றாரு. போயி கேளு."

"ஐய, அதுக்கு இன்னாத்துக்கு இப்டிக் கத்தற?"

"கத்துவேன்."

பெட்டியே திரும்பிப் பார்த்தது. கதவருகே விருத்தாசலம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். குரலைக் குறைக்கவில்லை.